எங்கள் குடும்ப வரலாறு: சொன்னதும் பதிந்ததும்

சிங்கப்பூர்த் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்குப் பூர்வீகம் கடையநல்லூர் அல்லது தென்காசி. நெசவு நலிந்த காலத்தில் கப்பலேறி வந்தவர்களில் பலர் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியிருந்தார்கள். எங்கள் பாட்டனாரும் அவர்களில் ஒருவர். அவர் எப்போது வந்தார், எதைக் கொண்டு பிழைத்தார் என்று எழுதி வைக்க எங்கள் தலைமுறையில் நாலைந்து பேர் முனைந்தோம்.

முதலில் பெரியவர்களிடம் கேட்டோம். "சண்டைக்கு முன்னாலேயே ரஜூலா கப்பலில் வந்துட்டாங்க" என்றார் மூத்த மாமி. "ஜப்பான்காரன் போன பிறகுதான் போனாங்க, நான் கண்ணால பார்த்தேன்" என்றார் ஊரிலிருக்கும் பெரியவாப்பா. வியாபாரத்தில் பேரேட்டையும் ரசீதையும் ஒத்துப் பார்ப்பதுபோல, பேச்சைப் பதிவோடு ஒத்துப் பார்த்தோம்.

சிங்கப்பூரில் பிறப்பு இறப்புப் பதிவு 1872 முதல் உண்டு. மாமியின் பிறப்புப் பதிவு போருக்கு முந்தியது. பாட்டனாரின் பழைய பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரையோ போருக்குப் பிந்தியது. இருவர் சொன்னதும் உண்மையே. மனைவி மகளுடன் ஊர் போயிருந்தார் பாட்டனார். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. கப்பல் வழி அடைபட்டது. போர் முடியும்வரை ஊரிலேயே தங்கி, பிறகு மீண்டும் வந்திருக்கிறார். குடும்பமும் பின்னால் வந்து சேர்ந்தது.

பெயர்தான் பெரிய சிக்கல். பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்து, 1948இல் தொடங்கிய அடையாள அட்டையில் வேறு எழுத்து, ஊர் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டில் மற்றொன்று. முகம்மது என்ற பெயரை ஒவ்வொரு குமாஸ்தாவும் தம் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். தகப்பனார் பெயரையும் வீட்டுப் பெயரையும் வைத்துத்தான் மூவரும் ஒருவரே என்று உறுதி செய்தோம்.

ஆனால் எங்கள் பாட்டியைப் பற்றி ஏட்டில் இருப்பது மிகக் குறைவு. நிக்காஹ் பதிவேட்டில் ஒரு வரி, அடையாள அட்டையில் குடும்பப் பெண் என்ற குறிப்பு, அவ்வளவே. மாமி சொன்ன கதை வேறு. கடையநல்லூர்ப் பெண்கள் பலரைப்போல் பாட்டியும் அம்மியில் மசாலா அரைத்து உருண்டைகளாக விற்றார். விடியுமுன் எழுந்து அரைப்பார். மிளகாய்க் காந்தல் கையை விட்டுப் போகாததால் கைக்குழந்தையைத் தூக்க மாமியைக் கூப்பிடுவார். பாட்டனார் கடை எடுத்தபோது முன்பணம் அந்த அம்மிக் காசிலிருந்து வந்தது. பெரியவாப்பாவும் தனியே கேட்டபோது இதையே சொன்னார். பாட்டனாரின் உழைப்பால் வந்த கடை என்றே அதுவரை எங்கள் வீட்டில் பேச்சு. இப்போது எழுதியுள்ள வரலாற்றில் இருவர் பெயரும் சேர்ந்து நிற்கின்றன.

இதைச் சொல்லிய சில மாதங்களில் மாமி வஃபாத்தானார்கள். அவர்கள் குரல் பதிவு எங்களிடம் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

நம் சங்கக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். இருக்கும்போதே பெரியவர்களிடம் கேளுங்கள். "எந்த வருஷம்?" என்றால் பலருக்கும் தெரியாது. "1946இல் உமறுப் புலவர் பள்ளி தொடங்கியதற்கு முன்பா, பின்பா?" என்றால் சொல்வார்கள். ஒரே செய்தியை இரண்டு பேரிடம் தனித்தனியே கேளுங்கள். பழைய பாஸ்போர்ட், கடிதம், கடைக் கணக்கு எதையும் வீடு மாறும்போது வீசிவிடாதீர்கள். பெண்களின் வேலையைத் தவறாமல் விசாரியுங்கள். அதை எந்த அலுவலகமும் நமக்காக எழுதி வைக்கவில்லை.