ஸ்பேனரில் ஆவி படிகிறதா?

“சார், பீக்கே வரலை” என்று ஜி.சி. (கேஸ் குரோமட்டோகிராஃப்) ஓட்டுகிறவர்கள் கூப்பிட்டால் நான் கம்ப்யூட்டர் பக்கம் போவதில்லை. பளபளப்பான ஸ்பேனர் ஒன்றை அதன் எஃப்.ஐ.டி. (சுடர் அயனியாக்க) டிடெக்டரின் வாய்க்கு மேலே பிடிப்பேன். ஹைட்ரஜன் எரிந்தால் நீராவி வந்தாக வேண்டும். ஸ்பேனரில் அது படிந்தால் சுடர் எரிகிறது. படியவில்லை என்றால் சுடர் அணைந்திருக்கிறது. அறுபது வருஷத்துக்கு மேலான இந்தக் கருவியை அது பிறந்த கதையோடு தெரிந்துகொண்டால் பாதிப் பழுது பிடிபட்டுவிடும் என்பது என் கட்சி.

1952-ல் லண்டன் மில் ஹில்லில் ஜேம்ஸும் மார்ட்டினும் முதல் ஜி.சி.யை ஓட்டியபோது, கலவையைப் பிரிக்கும் குழாயிலிருந்து வெளிவந்த அமிலங்களை டைட்ரேஷன் செய்துதான் அளந்தார்கள். பிறகு வாயு எவ்வளவு வெப்பம் கடத்துகிறது என்று பார்க்கும் டிடெக்டர் வந்தது. கொஞ்சமாக வரும் பொருள் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். 1955-ல் ஸ்காட் ஹைட்ரஜன் சுடரைக் கொண்டுவந்தார். அவர் அளந்தது சுடரின் சூட்டை. அதே சுடரில் சூட்டை விட்டு மின்னோட்டத்தை அளந்தார்கள், மெல்போர்ன் பக்கம் அஸ்காட் வேல் ஐ.சி.ஐ. ஆய்வகத்தின் மெக்வில்லியமும் டியூவரும். பிரிட்டோரியாவில் ஹார்லி, நெல், பிரிட்டோரியஸ் மூவரும் தனியே அதையே செய்திருந்தார்கள். இரண்டு கட்டுரைகளும் 1958-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தன. தென்னாப்பிரிக்கர்களுடையது கொஞ்சம் முந்தியது. யார் முதல் என்ற சண்டையில் எனக்கு ருசியில்லை. அதே ஆண்டு ஆம்ஸ்டர்டாம் மாநாட்டில் கோலே தன் மயிரிழைக் குழாயைப் பற்றிப் பேசினார். அதிலிருந்து வரும் துளியூண்டு பொருளைப் பார்க்க இந்தச் சுடர்தான் லாயக்கு. ஜோடி சேர்ந்துவிட்டது.

ஹைட்ரஜன் மட்டும் எரிந்தால் அயனிகள் இல்லை என்றே சொல்லலாம். கரிமப் பொருள் விழுந்தால் உண்டாகும், அதுவும் லட்சம் கார்பன் அணுவுக்கு ஒன்று என்ற கணக்கைத் தாண்டாது. கிடைக்கும் மின்னோட்டம் பிக்கோ ஆம்பியர். ஒரு ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இந்த டிடெக்டரின் பலமும் தொல்லையும் இதிலேயே இருக்கின்றன. அயனிகளைப் பிடிக்கும் கலெக்டரின் இன்சுலேட்டரில் பட்ட விரல் அழுக்கு வழியாகக் கசியும் மின்சாரம்கூட பீக்குகளுக்கு அடியில் ஓடும் பேஸ்லைனைத் தூக்கிவிடும்.

பேஸ்லைன் ஆடினால் சுடரை அணைத்துவிட்டு சிக்னலை மட்டும் பாருங்கள். ஆட்டம் நிற்கவில்லையா, கேபிள், கலெக்டர், இன்சுலேட்டர் பக்கம் போங்கள். நின்றதா, குழாயைக் கழற்றி, அது டிடெக்டருக்குள் நுழைந்த அடித்துளையை அடைத்து மறுபடி பற்ற வையுங்கள். அமைதியாகிவிட்டால் குற்றம் குழாயில். அப்போதும் ஆடினால் வாயுவையும், சுடர் எரியும் ஜெட்டையும் சந்தேகப்படுங்கள். குழாயின் சிலிக்கோன் பூச்சு கசிந்து வந்து எரிந்து, ஜெட்டில் வெள்ளைப் பொடியாகப் படியும். மெல்லிய கம்பி விட்டு எடுக்கலாம். டிடெக்டர் 150 டிகிரி ஏறும் முன்னே பற்றவைக்கும் அவசரக்காரர்கள் இருக்கிறார்கள். சுடரின் தண்ணீர் உள்ளேயே நின்று துரு பிடிக்கும். சுடருக்குப் போகும் காற்று ஹைட்ரஜனைப் போல் பத்து மடங்கு இருக்கட்டும்.

ஃபார்மிக் அமிலத்துக்கு பீக் வரவில்லை என்று டிடெக்டரையே பிரித்துப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே பழுதே இல்லை. தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு இரண்டும் இந்தச் சுடருக்குத் தெரியாது. ஃபார்மிக் அமிலமும் தெரியாத மாதிரிதான். மீதேனைச் செலுத்திப் பாருங்கள், பீக் வரும்.