கூலியும் கூலியாளும்: மன்னார்க் கரைவழி ஒரு சொல்லின் வரலாறு

ஆங்கிலத்திற் குடியேறிய தமிழ்ச் சொற்களுள் 'கட்டுமரம்', 'மிளகுதண்ணீர்' போன்றவை பொருள்களின் பெயராகச் சென்று பொருள்களின் பெயராகவே நின்றன. 'கூலி' என்ற சொல்லோ ஊதியத்தின் பெயராகச் சென்று மனிதனின் பெயராயிற்று. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை மன்னார்க் கரையை முன்னிறுத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழில் இது பழஞ்சொல். வைகைக் கரையில் இறைவன் மண் சுமந்து பெற்ற ஊதியத்தைக் குறிக்கத் திருவாசகம் இச்சொல்லையே ஆள்கின்றது. 'கூலிக்கு மாரடித்தல்' என்னும் வழக்கிலும் கூலி என்பது கொடுக்கப்படுவதுதான், மாரடிப்பவர் வேறு. உழைப்பவரைச் சுட்டத் தமிழர் கூலியாள், கூலிக்காரர் என விகுதியோ துணைச்சொல்லோ சேர்த்தே வழங்கினர்.

ஆங்கிலச் சொல்லின் பிறப்புப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. யூல், பேர்னெல் ஆகியோர் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹொப்சன்-ஜொப்சன்' அகராதி, குசராத்துப் பகுதியின் கோளி என்னும் குலப்பெயரையும் தமிழ்க் கூலியையும் எடுத்தாராய்கின்றது. மேற்குக் கரையில் போர்த்துக்கேயர் கேட்ட குலப்பெயரும் தென்னாட்டில் வழங்கிய ஊதியப் பெயரும் ஒலியொற்றுமையால் ஒன்றிற் கலந்தன எனக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. மூலம் எதுவாயினும், 19ஆம் நூற்றாண்டில் இச்சொல்லுக்கு இன்றைய பொருளை அளித்தது பெருந்தோட்டமே.

1830களின் பின் கண்டிப் பகுதியிற் கோப்பிச் செய்கை விரிவடைந்தபோது இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி முதலிய பகுதிகளின் வறியவர் கடல் கடந்தனர். பாக்குநீரிணையைத் தோணியிற் கடந்து தலைமன்னாரிலும் மன்னார்க் கரையின் பிற துறைகளிலும் இறங்கியோர், மதவாச்சி, அநுராதபுரம், தம்புள்ளை வழியாக மாத்தளை வரை, ஏறத்தாழ 150 மைல், காட்டு வழியே நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் பலரை வழியிலேயே மாய்த்தன. கொழும்புப் பத்திரிகையொன்று 1849இல், அத்தசாப்தத்தில் மாண்டோர் தொகையை 70,000 எனக் கணித்தது. அக்கணிப்பு மிகையென வாதிடுவோரும் உளர். ஆயினும், எத்தனை பேர் இறந்தனர் என்பதையே ஒழுங்காக எழுதிவைக்காத ஆட்சியைப் பற்றியே இவ்விவாதம் நடைபெறுகின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்விடத்து ஓர் ஒப்பீடு பயன்தரும். இதே மன்னார்க் கரையில், அரிப்பையும் மரிச்சுக்கட்டியையும் அடுத்த முத்துக் குளிப்பில் சுழியோடியவர் கூலி பெற்றாரல்லர், பங்கு பெற்றனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எடுத்த சிப்பியில் மூன்றிலொன்று அவர்களுக்குரியதாயிருந்தது. உயிராபத்து மிகுந்த தொழில்தான். எனினும் அவர்களை எவரும் 'பங்கு' என்று அழைக்கவில்லை.

காட்டு வழி நடந்தவனுக்கோ கூலியே கைக்கு எட்டவில்லை. கங்காணி கொடுத்த முன்பணம் அவன் பெயரிற் கடனாக நின்றது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல, அக்கடன் தொகை எழுதிய 'துண்டு' வேண்டும். கடனை ஏற்கும் தோட்டமே அவனையும் ஏற்கும். 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒழிக்கும்வரை இம்முறை நிலவியது. அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் புதிதாக வந்தவரின் உடலில், தோட்டத்தின் குறியெண் பொறித்த தகரவில்லையும் தொங்கவிடப்பட்டது. அவர் எத்தோட்டத்திற்குச் சேரவேண்டியவர், பயணச் செலவு எவர் கணக்கிற்குரியது என்பவற்றை அவ்வில்லை உணர்த்தியது. ஊதியத்தின் பெயர் மனிதனுக்கு ஒட்டிக்கொண்ட அதே காலத்தில் ஊதியம் அவனிடமிருந்து விலகிக் கடனாயிற்று என்பதே இச்சொல்வரலாற்றின் உட்பொருள் எனலாம்.

இதனை வெறும் ஆகுபெயர் என இலக்கணம் கூறி அமைதி காண முயல்வாரும் உளர். ஆயின் ஆகுபெயருக்கு வாய்ப்பிருந்தும் தமிழ் வழக்கு கூலியாளையே தெரிந்துகொண்டது. 'கூலிகள்' என்ற பன்மை ஆங்கில ஆவணங்களிலிருந்து நம் மொழிபெயர்ப்புகளுக்குள் புகுந்தது. உயர்திணை மாந்தரை அஃறிணையாக்கும் அச்சொல்லை நம் ஆய்வாளரும் ஐயமின்றிக் கையாள்கின்றனர். தென்னாபிரிக்காவில் அது இந்தியர் அனைவர்க்குமான வசையாக விரிந்து, காந்தியடிகளே 'கூலி பாரிஸ்டர்' எனப்பட்டார்.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே இரயிலோடு இணைந்த கப்பற் சேவை தொடங்கியது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஏற்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. 1,50,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்க விடப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தமையால், நாடு திருப்பப்பட்டோர் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்திற்குக் கப்பலேறினர். அவர்களின் பாட்டனார் தோணியில் வந்திறங்கிய அதே கரை.

தோட்டத்து மக்களின் வழக்கு பிறிதொன்றையும் காட்டுகின்றது. அங்கு ஒரு நாட் சம்பளம் 'பேர்' எனப்பட்டது. குறித்த அளவு கொழுந்து பறித்தவளுக்கு முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். துரைமாரின் ஏட்டில் கூலி ஆளாயிற்று. தொழிலாளரின் பேச்சிற் பெயரே கூலியாயிற்று.