மண்ணில் விழுந்த கோதுமை மணி

இரஷ்யாவின் புனித பீட்டர்ஸ்பர்க் நகரில், அலெக்சாண்டர் நெவ்ஸ்கி துறவு மடத்தை ஒட்டிக் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. கிளிங்கா, முசோர்க்ஸ்கி, ரிம்ஸ்கி-கோர்சக்கோவ், சைக்கோவ்ஸ்கி முதலிய இசை மேதைகள் அங்கே துயில்கின்றனர். நாவலாசிரியர் தாஸ்தோயெவ்ஸ்கியின் கல்லறையும் அத்தோட்டத்திலேயே உள்ளது. அக்கல்லறையின் மீது பொறிக்கப்பட்டிருப்பது அவர் எழுதிய வரியன்று. மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியைப் பற்றி ஆண்டவர் அருளிய வாக்கு. யோவான் நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் வரும் அவ்வாக்கையே, 'கரமசோவ் சகோதரர்கள்' என்னும் தம் இறுதி நாவலின் முகப்பிலும் அவர் பதித்திருந்தார்.

1917-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் அந்நாட்டில் ஆலயங்கள் பல மூடப்பட்டன. குருக்களும் துறவியரும் சிறைப்பட்டனர், உயிரிழந்தனர். இக்கல்லறைத் தோட்டமும் அருங்காட்சியகமாக மாறிற்று. இறைநம்பிக்கையை வேரறுக்க முனைந்த ஓர் அரசு, அந்நம்பிக்கையில் ஊறி விளைந்த கலையை என்ன செய்ய இயலும்? இக்கேள்விக்கு இரஷ்ய வரலாறு தரும் விடையைச் சற்றுச் சிந்திப்போம்.

சிறையில் கிடைத்த நூல்

1849-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள், அரசுக்கு எதிரான குழுவில் சேர்ந்த குற்றத்திற்காகத் தாஸ்தோயெவ்ஸ்கி கொலைக்களத்தில் நிறுத்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது 28. துப்பாக்கிகள் குறிபார்த்த இறுதி வேளையில் மன்னரின் தண்டனைக் குறைப்பு ஆணை வாசிக்கப்பட்டது. நான்காண்டுக் கடுங்காவலுக்காகச் சைபீரியா செல்லும் வழியில், தொபோல்ஸ்க் என்னும் ஊரில், முந்தைய தலைமுறையில் நாடு கடத்தப்பட்டோரின் மனைவியர் அவருக்குப் புதிய ஏற்பாட்டு நூலொன்றை வழங்கினர். நான்காண்டுகளும் அது அவரது தலையணையின் கீழ் இருந்தது. 1881-இல் அவர் இறந்த நாளிலும், அந்நூலிலிருந்தே தம் துணைவியாரை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

அச்சிறிய நூலின் தடத்தை அவர் படைப்பெங்கும் காண்கிறோம். 'குற்றமும் தண்டனையும்' நாவலில், கொலை செய்த இளைஞனுக்கு இலாசர் உயிர்பெற்ற வரலாற்றை வாசித்துக் காட்டுபவள் சமூகம் இழிவாகக் கருதிய சோனியா என்னும் பெண்ணே. இந்த ஆழமே பிற நாட்டுக் கலைஞரையும் ஈர்த்தது. ஜப்பானியத் திரைப்பட இயக்குநர் அகிரா குரோசவா 1951-இல் 'அசடன்' நாவலைத் திரைப்படமாக்கினார்.

தாஸ்தோயெவ்ஸ்கி கத்தோலிக்கத் திருச்சபையைக் கடுமையாகச் சாடியவர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ரொமானோ குவார்தினி, ஆன்றி தெ லுபாக் போன்ற கத்தோலிக்க இறையியலார் அவரை ஆழ்ந்து கற்று எழுதினர். திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் வெளியிட்ட நம்பிக்கையின் ஒளி பற்றிய சுற்றுமடலும், கல்லறையில் கிடத்தப்பட்ட கிறிஸ்துவின் ஓவியத்தை 'அசடன்' நாவலின் மிஷ்கின் காணும் காட்சியைக் குறிப்பிடுகின்றது. தம்மைச் சாடியவரிடமும் உண்மையைக் கேட்கத் திருச்சபை தயங்கவில்லை.

தகர்க்க முடியாத மன்றாட்டு

1812-இல் நெப்போலியனின் படை பின்வாங்கியதற்கு நன்றியாக, மாஸ்கோவில் மீட்பர் கிறிஸ்து பேராலயம் எழுப்பப்பட்டது. அதே வெற்றியின் நினைவாக 1880-இல் சைக்கோவ்ஸ்கி அமைத்த '1812' என்னும் இசைப்படைப்பு, தம் மக்களைக் காக்குமாறு ஆண்டவரை வேண்டும் மரபுவழித் திருச்சபையின் பாடலோடு தொடங்குகிறது. 1931-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அப்பேராலயம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பின்னர் அவ்விடத்தில் நீச்சல் குளம் அமைந்தது. இசைப்படைப்போ நிலைத்தது. சோவியத் பதிப்பில் மன்னர் வாழ்த்துப் பண்ணை நீக்கிக் கிளிங்காவின் இசையைப் புகுத்தினர். தொடக்கத்து மன்றாட்டு மட்டும் அப்படியே நின்றது. பேராலயம் மீண்டும் கட்டப்பட்டு 2000-இல் அருச்சிக்கப்பட்டது.

அதே படைப்பின் முடிவில் பீரங்கி முழங்குவதையும் நாம் மறவோம். 2022-இல் உக்ரைன் மீது இரஷ்யா படையெடுத்தபோது, வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரின் இசைக்குழு ஒன்று அதனைத் தன் நிகழ்ச்சியிலிருந்து விலக்கிற்று. அத்தயக்கம் நியாயமானதே. ஆட்சியாளர் பீரங்கியைக் கேட்பர். துன்புறுவோர் மன்றாட்டைக் கேட்பர்.

முழுவதும் மன்றாட்டாகவே அமைந்த படைப்பு, செர்கேய் ராக்மனினோவ் 1915-இல் அமைத்த 'இரவு முழுதும் விழிப்பு' ஆகும். வாத்தியம் ஏதுமின்றி மனிதக் குரல்களால் மட்டுமே பாடப்படும் 15 பகுதிகள் கொண்டது அது. முதல் உலகப் போரின் துயர்துடைப்புப் பணிக்காக மாஸ்கோவில் முதன்முதல் பாடப்பட்டது. ஐந்தாம் பகுதி, நம் திருச்சபையின் இரவு செபத்திலும் இடம்பெறும் சிமியோனின் பாடல். அதன் முடிவில் ஆண்குரல் படிப்படியாக இறங்கி, மிகத் தாழ்ந்த சுருதியில் சென்று அமைதி அடைகின்றது. தம் அடக்கத்தின்போது இதனைப் பாட வேண்டுமென்று ராக்மனினோவ் விரும்பினார்.

இரண்டே ஆண்டுகளில் புரட்சி வந்தது. இப்படைப்பை முதலில் பாடிய திருச்சபைப் பாடகர் குழு கலைக்கப்பட்டது. ராக்மனினோவ் 1917-இன் இறுதியில் நாட்டைவிட்டு வெளியேறி, 1943-இல் அமெரிக்காவில் காலமானார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 1965-இல், அலெக்சாண்டர் ஸ்வேஷ்னிகோவின் குழு சோவியத் நாட்டிலேயே இதனை இசைத்தட்டில் பதிவு செய்தது. ஆலயத்தில் ஒடுக்கப்பட்ட செபம் இசையாக உலகெங்கும் சென்றது.

நெஞ்சில் எழுதிய கவிதை

எழுத்தே ஆபத்தாக மாறிய காலமும் வந்தது. 1938-இல் கவிஞர் அன்னா அக்மதோவாவின் ஒரே மகன் கைதானார். லெனின்கிராடு சிறைவாயிலின் முன் வரிசையில், பிற தாய்மாரோடும் மனைவியரோடும் 17 மாதங்கள் அவர் நின்றார். அத்துயரிலிருந்து பிறந்தது 'இரங்கற் பா' என்னும் நெடுங்கவிதை. அதனைத் தாளில் வைத்திருப்பதே உயிருக்குத் தீங்கானது. எனவே சில வரிகளைத் துண்டுத்தாளில் எழுதித் தோழி லிதியா சுக்கோவ்ஸ்கயாவிடம் காட்டுவார். தோழி மனத்தில் பதித்ததும் தாளைத் தீயிலிடுவார். இவ்வாறு சிலரின் நினைவிலேயே அக்கவிதை ஆண்டுக்கணக்காக வாழ்ந்தது. 1963-இல் மியூனிக் நகரிலும், 1987-இல்தான் தாய்நாட்டிலும் அச்சேறிற்று.

அதில் சிலுவையடிப்பு பற்றிய பகுதி ஒன்று உண்டு. சிறைவாயிலில் நின்ற தாய்மாரின் வேதனையைச் சொல்லத் தேடிய கவிஞர், கல்வாரியில் மௌனமாய் நின்ற அன்னை மரியாவிடமே வந்து சேர்ந்தார். வியாகுல அன்னையைப் போற்றும் நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

தமிழுக்கு வந்த விதை

1899-இல் லியோ டால்ஸ்டாய் வெளியிட்ட 'புத்துயிர்ப்பு' நாவல் நற்செய்தி வாக்குகளோடு தொடங்கி, நாயகன் மத்தேயு நற்செய்தியைத் திறந்து வாசிப்பதோடு முடிகின்றது. அதன் வருவாயை, சமய நம்பிக்கைக்காகத் துன்புறுத்தப்பட்ட துகபோர் மக்கள் கனடாவில் குடியேற அவர் வழங்கினார். கிறிஸ்துவின் இறைத்தன்மையை அவர் ஏற்கவில்லை; 1901-இல் இரஷ்யத் திருச்சபை அவரைத் தன் உறவிலிருந்து விலக்கிற்று. ஆனால் மன்னிப்பைப் பற்றிய ஆண்டவரின் கட்டளையை அவர் எழுத்து விடாது ஒலிக்கச் செய்தது.

இந்நாவலை ரா. கிருஷ்ணையா தமிழாக்கம் செய்ய, மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் அச்சிட்டுத் தமிழகத்திற்கு அனுப்பியது. இறைவன் இல்லையென்று பாடம் நடத்திய அரசின் அச்சகமே மலைப்பொழிவின் எதிரொலியைத் தமிழில் பதித்துக் குறைந்த விலைக்குத் தந்தது! டால்ஸ்டாயைத் தன் பெருமையெனப் போற்றிய அவ்வரசால், அவருள் இருந்த நற்செய்தியைப் பிரித்தெடுக்க இயலவில்லை.

இரஷ்யக் கலை உலகை வென்றது திறமையால் மட்டுமன்று. கொலைக்களத்திலும் சிறைவாயிலிலும் நாடுகடந்த தனிமையிலும் நின்றோர், தம் நெஞ்சில் ஏற்கெனவே ஊன்றியிருந்த இறைவாக்கிலிருந்து சொல்லும் இசையும் எடுத்தனர். நெஞ்சில் ஒன்றும் இல்லாதிருந்தால், அந்த இருளில் எதை எடுத்திருக்க முடியும்?

இக்கேள்வி நம் இல்லங்களுக்கும் உரியது. நூல்களும் ஒலிப்பதிவுகளும் இன்று கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. அவை அனைத்தும் ஒருநாள் நம்மிடமிருந்து எடுக்கப்பட்டால், எத்தனை திருப்பாடல்கள், எத்தனை செபங்கள் நம் நாவிலும் நம் பிள்ளைகளின் நாவிலும் எஞ்சியிருக்கும்? மணி பலன் தருவது ஆண்டவரின் செயல். அதனை மண்ணில் இடுவது நம் கடமை.