எலி வளையும் சிராங்கூன் புல்வெளியும்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது தமிழர் பழமொழி. தனி வளை எலிக்கு நன்று. ஆயின் அவ்வளை புல்தரையின் அடியில் அமையுமானால், அத்தரையை நம்பி நடப்போர்க்குத் தீங்காகும்.

குளிர்நாடுகளில் பனிப்போர்வையின்கீழ் வயலெலிகள் புல்லைக் கடித்துப் பாதை அமைக்கின்றன. பனி உருகியபின் தரையெங்கும் வடுக்கள் தோன்றும். சிங்கப்பூரில் பனிக்காலம் இல்லை. எனவே இங்கு எலிக்கு ஓய்வுக்காலமும் இல்லை. ஆண்டு முழுதும் இனம் பெருக்குகின்றது.

சிராங்கூன் வட்டாரத்தில் புகழ்பெற்ற புல்வெளி பழைய குதிரைப் பந்தயத் திடலாகும். 1843 முதல் 1933 வரை பந்தயங்கள் அங்கே நடந்தன. 1891 இல் கோல்ஃப் ஆட்டமும் அதே தரையில் தொடங்கியது. 1911 இல் சிங்கப்பூரின் முதல் விமானம் அங்கிருந்தே பறந்தது. ஃபேரர் பார்க் என்று பின்னர்ப் பெயர் பெற்ற இத்தகைய திடலில் ஒரு குழியும் அற்பமன்று. குதிரையின் காலை முறிக்க ஒரு வளை போதும்.

திடலைச் சூழ்ந்த நகரின் நிலை வேறு. கடைவீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. கொள்ளைநோய் பற்றி 1905 இல் பெருநூல் எழுதிய மருத்துவர் சிம்சன், 1906 இல் சிங்கப்பூர் வந்து ஆராய்ந்தார். 1907 இல் வெளிவந்த அவரது அறிக்கை, வீடுகளின் பின்னே சந்துகள் திறக்க வேண்டும் என்றது. காற்றும் ஒளியும் புகவும், கழிவு அகலவும் அதுவே வழி என்பது அவர் கருத்து. நோயாளியை மட்டும் நோக்காது, நோய் வளரும் இடத்தையும் அவர் நோக்கினார்.

அந்நோக்கு புல்தரைக்கும் பொருந்தும் என்பதை அண்மை வரலாறு காட்டுகின்றது. 2014 டிசம்பரில், தீவின் மேற்கேயுள்ள புக்கிட் பாத்தோக் பெருவிரைவு ரயில் நிலையத்தருகே, புல் மூடிய மேட்டில் எலிகள் கூட்டமாகத் திரிவதை மக்கள் கண்டனர். பூச்சி ஒழிப்பாளர் வந்து வளைகளைத் தேடினர். தெருநாய்களுக்காக வைக்கப்பட்ட உணவு எலிகளை ஈர்த்ததாகக் கூறப்பட்டது. ஆகவே மேட்டைத் துளைத்தது எலி. எலியை அழைத்தது சோறு.

ஆதலின் புல்தரையைச் செப்பனிடுவோர் முதலில் உணவின் வாயிலை அடைத்தல் வேண்டும். குப்பைத் தொட்டிக்கு மூடி வேண்டும். சிந்திய உணவை அன்றே அகற்றுதல் வேண்டும். அடுத்து, வளைவாய்களை மண்ணால் இலேசாக மூடி மறுநாள் காணலாம். திறந்து கிடக்கும் வளையே எலி வாழும் வளை. அவற்றில் எலியை ஒழித்து, சில நாள் புதிய துளை தோன்றாமை கண்டபின், வாயை மட்டும் அடைக்காது சுரங்கத்தையே வெட்டித் திறந்து, அடுக்கடுக்காக மண்ணிட்டு இறுக்க வேண்டும். மேலே மட்டும் மூடினால் அடுத்த பெருமழையில் தரை உள்வாங்கும். பின்பு புற்பத்தை பதித்து நீர் ஊற்றினால் தரை மீளும். எலிச் சிறுநீர் கலந்த ஈரமண் எலிக்காய்ச்சலைப் பரப்புமாதலின், கையுறையும் காலணியும் இன்றி இப்பணியில் இறங்கலாகாது.

வேலியோரப் புல்லைக் குட்டையாக வெட்டி வைப்பதும் காப்பாகும். மறைவிடம் இல்லாத வெளியை எலி விரும்பாது.

பள்ளித் திடலில் ஓடும் சிறுவன் தடுக்கி விழுந்தபின் குழியைத் தேடுவது காலங்கடந்த செயல். திடலோரத்தில் எறியப்படும் சோற்றுப்பொட்டலத்தை இன்றே தடுப்பதுதான் காலத்தே செய்யும் காவல்.