உறுப்பு மாற்றம் பெற்றோரும் மெலனோமா சிகிச்சையும்

இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971-ஆம் ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வெற்றி கண்டது. 1994-இல் உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. 2008-இல் தமிழக அரசு, மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது.

மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்க, நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். இதனால் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது. அமெரிக்க மருத்துவர் இஸ்ரேல் பென் இத்தகைய நோயாளிகளின் விவரங்களை 1960-களின் இறுதியிலிருந்து தொகுத்து இதனை உலகறியச் செய்தார்.

நிறமிச் செல்களில் தோன்றும் மெலனோமா விரைந்து பரவக்கூடியது. வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும்கூட அது தோன்றும். மலைப்பாதைகளில் நடப்போர் அந்தக் கரும்புள்ளியை முள் குத்திய வடு என்று எண்ணிவிடக்கூடும்.

2011-இல் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இபிலிமுமாப் மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆனால் தூண்டப்பட்ட எதிர்ப்பாற்றல் மாற்று உறுப்பையும் தாக்கலாம். சிறுநீரகம் பழுதானால் டயாலிசிஸ் உண்டு; கல்லீரலுக்கு அப்படி நீண்டகால மாற்று வழி இல்லை. எனவே புற்றுநோய் மருத்துவரும் உறுப்பு மாற்று மருத்துவரும் கலந்தே முடிவெடுக்க வேண்டும்.

கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமானது; அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து வருவோர் முதலில் அங்கு தோல் மருத்துவரைக் காணலாம். மேல் சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மரும், 1954-இல் தொடங்கப்பட்ட சென்னை அடையாறு புற்றுநோய் மையமும் உள்ளன. அறுவை சிகிச்சைக் குறிப்பையும் மருந்துப் பட்டியலையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.