பீல் நகரத் தேவாலயம்

சுவிட்சர்லாந்தின் பேர்ன் மாநிலத்தில், ஜூரா மலையடிவாரத்தில் உள்ள பீல் நகரின் பழைய பங்குக்கோவில் இது. பிரெஞ்சு மொழியில் இந்நகருக்குப் பியென் என்று பெயர். இக்கோவில், நோர்சியாவில் பிறந்து மேலைநாட்டுத் துறவறத்துக்கு ஒழுங்குநூல் வகுத்த புனித ஆசீர்வாதப்பருக்கு (பெனடிக்ட்) நேர்ந்தளிக்கப்பட்டது. பிற்காலக் கோத்திக் பாணியில் 15ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட இன்றைய கட்டடம், பழைய நகரின் ரிங் சதுக்கத்தை ஒட்டி நிற்கிறது. அந்தப் பாணியில் பேர்ன் மாநிலத்தில் உள்ளவற்றில் பேர்ன் பேராலயத்துக்கு அடுத்த இடம் இதற்கே தரப்படுகிறது.

தொடக்கம்: பீல் நகரை 1225க்கும் 1230க்கும் இடையில் பாசல் ஆயர் நிறுவினார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. ஏறத்தாழ அதே காலத்தில் இங்கே ஒரு பங்குக்கோவில் இருந்ததாகத் தெரிகிறது. நிலத்தை ஆண்டவர் பாசல் ஆயர்; ஆனால் சமய நிர்வாகத்தில் பீல் சேர்ந்திருந்தது லோசான் மறைமாவட்டத்தில். இந்த இரட்டைக் கட்டு பின்னாளில் நகரத்தார் நடந்துகொண்ட விதத்தைப் புரிந்துகொள்ள உதவும். 1352இல் பீல் நகரம் பேர்னோடு நிரந்தர உடன்படிக்கை செய்துகொண்டது. இதனால் பகைகொண்ட பாசல் ஆயர் ஜான் த வியென் 1367இல் நகரைத் தீக்கிரையாக்கினார். பழைய கோவிலும் அதில் சேதமடைந்திருக்கலாம். அடுத்த எண்பது ஆண்டுகள் பற்றி இங்கே சொல்லத்தக்கது குறைவு.

கட்டுமானம்: இன்றைய கோவிலின் பணி 1451 முதல் 1470 வரை நடந்ததாகக் கொள்ளப்படுகிறது. பேர்னில் பேராலயப் பணி 1421இல் மத்தேயுஸ் என்சிங்கர் தலைமையில் தொடங்கியிருந்தது. அந்தப் பெரும்பணி வளர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே பேர்னின் நட்பு நகரமான பீலும் தன் அளவுக்கேற்ற கோவிலை எழுப்பியது. பேர்னில் பயின்ற கைகள் பீலிலும் வேலை செய்தனவா என்பதில் திட்டவட்டமாக எதையும் சொல்வதற்கில்லை. பாணி ஒற்றுமை மட்டுமே அதற்குச் சான்றாகாது. 1476இல் பர்கண்டிக்கு எதிரான கிரான்சோன், மூர்ட்டன் போர்க்களங்களில் பேர்னோடு தோளோடு தோள் நின்ற பீல் நகரம், ஐந்தே ஆண்டுகளில் தன் கோவிலின் கோபுரத்தை இழந்தது. 1481இல் அது இடிந்து விழுந்தது. 1490 வாக்கில் மீண்டும் எழுப்பப்பட்டது.

கண்ணாடி ஓவியங்கள்: இக்கோவிலின் தலையாய செல்வம், பலிபீடப் பகுதியில் உள்ள 1457ஆம் ஆண்டுக் கண்ணாடி ஓவியங்கள். கிறிஸ்துவின் பாடுகளும் புனித ஆசீர்வாதப்பரின் வாழ்க்கைக் கதையும் இவற்றின் பொருள். பாடுகளை நான்கு நற்செய்திகளிலிருந்து எடுக்கலாம். ஆசீர்வாதப்பரின் கதைக்கு அடிப்படை, திருத்தந்தை பெரிய கிரகோரி 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய உரையாடல்கள் என்னும் நூல்.

அக்காலத்தில் இத்தகைய சாளரம் செய்யும் முறை நிதானமும் நுட்பமும் வேண்டியது. உருகிய கண்ணாடிக் குழம்பில் உலோக ஆக்சைடுகளைச் சேர்த்து நிறம் ஏற்றுவார்கள்: நீலத்துக்குக் கோபால்ட், சிவப்புக்குச் செம்பு. செம்பு தரும் சிவப்பு மிக அடர்த்தியானது; முழுக் கனத்துக்கும் அதையே வார்த்தால் ஒளி புகாது. ஆகவே நிறமற்ற கண்ணாடியின் மேல் மெல்லிய சிவப்புப் படலமாக அதை ஏற்றினார்கள். வரைபடத்துக்கு ஏற்பத் துண்டுகளை வெட்டி, முகம், விரல், ஆடை மடிப்பு ஆகியவற்றைக் கருஞ்சாயத்தால் தீட்டிச் சூளையில் சுடுவார்கள். வெள்ளிக் கலவையைப் பூசிச் சுட்டால் கண்ணாடி மஞ்சளாகும். தலைமுடிக்கும் ஒளிவட்டத்துக்கும் அது பயன்பட்டது. கடைசியில் எல்லாத் துண்டுகளையும் ஈயப் பட்டைகளால் கோப்பார்கள். அந்த ஈயக் கோடுகளே ஓவியத்தின் புறவரையாகவும் அமைகின்றன. பேர்ன் பேராலயத்தின் பாடுகள் சாளரத்தை உல்ம் நகரத்து ஹான்ஸ் ஆக்கர் 1441இல் செய்தார். பீல் ஓவியங்கள் அதற்குப் பதினாறு ஆண்டுகளே இளையவை. ஒரே பொருளை இரண்டு நகரங்கள் எப்படிக் கையாண்டன என்று ஒப்பிட இப்படி ஒரு வாய்ப்பு அமைவது அரிது.

சமயச் சீர்திருத்தம்: பீலில் 1472இல் பிறந்த தோமாஸ் வித்தன்பாக், தூபிங்கனில் படித்து, 1505 முதல் பாசலில் கற்பித்தார். பின்னாளில் சூரிச்சின் சீர்திருத்தவாதிகளான ஹுல்ட்ரிக் ஸ்விங்லியும் லியோ யூடும் அங்கே அவரிடம் பாடம் கேட்டவர்கள். பாவப் பரிகாரச் சலுகைச் சீட்டுகள் வீண் என்பதைத் தமக்கு உணர்த்தியவர் அவரே என்று ஸ்விங்லி பின்னாளில் நினைவுகூர்ந்தார். மாணவர் பல ஆண்டுகள் கழித்துச் சொன்ன சொல்லை எவ்வளவு தூரம் நம்புவது என்பதில் ஆய்வாளர்கள் உடன்படவில்லை. வித்தன்பாக் பீல் கோவிலின் பங்குக்குருவானார். இடையில் சில ஆண்டுகள் பேர்னிலும் பணியாற்றினார். 1524இல் அவர் திருமணம் செய்துகொண்டதால் பதவி பறிபோனது. 1526இல் வறுமையில் இறந்தார். இரண்டே ஆண்டுகளில், பேர்னைப் பின்பற்றி, அவர் போதித்த திசையிலேயே நகரம் திரும்பியது. 1528இல் திருப்பலி நிறுத்தப்பட்டது. சுரூபங்களும் பலிபீடங்களும் அகற்றப்பட்டன.

ஆனால் கண்ணாடி ஓவியங்கள் தப்பின. சீர்திருத்தம் பரவிய நகரங்கள் பலவற்றில் சாளரங்கள் இப்படி விடப்பட்டதுண்டு. மக்கள் வழிபட்டது சுரூபங்களைத்தான், சாளரங்களை அல்ல என்பது ஒரு விளக்கம். புதுக் கண்ணாடி போடும் செலவு மற்றொன்று. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். காரணம் எதுவானாலும், துறவி ஒருவரின் கதை துறவறத்தை மறுத்த ஒரு சபையின் தலைக்கு மேல் தொடர்ந்து ஒளிர்ந்தது.

பின்வந்த காலம்: கத்தோலிக்க ஆயரின் ஆட்சிக்குள் சீர்திருத்த நகரம் என்ற விந்தையான நிலை 1798 வரை நீடித்தது. அவ்வாண்டு பீல் பிரான்சோடு இணைக்கப்பட்டது. 1815இல் வியன்னா மாநாடு அதைப் பேர்னுக்கு அளித்தது. 19ஆம் நூற்றாண்டில் கடிகாரத் தொழில் வளர்ந்து, பிரெஞ்சு பேசும் குடும்பங்கள் ஜூராவிலிருந்து வந்து குடியேற, நகரம் இருமொழி நகரமானது.

இன்று சீர்திருத்தத் திருச்சபையின் வழிபாடும் இசை நிகழ்ச்சிகளும் இங்கே நடக்கின்றன. பீலிலிருந்து பேர்னுக்குத் தொடருந்தில் ஏறத்தாழ அரைமணி நேரப் பயணம்தான். 1441, 1457 ஆகிய இரண்டு ஆண்டுகளின் சாளரங்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.