ஒலியும் கேட்டலும்

ஒலி என்பது பொருள்கள் அதிர்வதால் உண்டாகி, காற்று, நீர், திண்மம் ஆகிய ஊடகங்களின் வழியே அழுத்த அலையாகப் பரவும் ஆற்றல் ஆகும். திருப்பூர் மாவட்டத்தின் பல்லடம், மங்கலம் வட்டார விசைத்தறிக் கூடங்கள் இதற்குக் கண்கூடான சான்று. அங்கு ஊடைநூல் சுற்றிய நாடா, பாவுநூல்களின் இடையே நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் அடித்துச் செலுத்தப்பட்டு எதிர்ப்புறப் பெட்டியில் மோதி நிற்கையில், மரமும் இரும்பும் அதிர்கின்றன. அவ்வதிர்வு 20° செல்சியசில் காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் வேகத்தில் பரவுகிறது.

ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை அதிர்வெண் எனப்படும். அதன் அலகு ஹெர்ட்ஸ். மனிதச் செவி பொதுவாக 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை உணரும். செவிப்பறையை அதிரச் செய்யும் அலைகளைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் உட்செவிக்குக் கடத்த, அங்குள்ள நத்தைச்சுருளின் மயிரணுக்கள் அவற்றை மின்துடிப்புகளாக்க, செவிநரம்பு அவற்றை மூளைக்குக் கொண்டு செல்கிறது.

ஒலிச்செறிவின் மட்டம் டெசிபெலில் அளக்கப்படுகிறது. இது மடக்கை அளவு என்பதால், 10 டெசிபெல் கூடினால் செறிவு பத்து மடங்காகும். நாடாத் தறிக் கூடங்களில் இம்மட்டம் 90 டெசிபெலைத் தாண்டுவது வழக்கம். நாடாவே இல்லாத வட்டப் பின்னல் எந்திரங்களில் இந்த மோதலொலி எழுவதில்லை. பேரிரைச்சலில் ஆண்டுக்கணக்கில் உழைப்போரின் மயிரணுக்கள் சிதைந்தால் மீண்டும் வளர்வதில்லை. முதலில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள் மங்குவதால், பேச்சு காதில் விழுந்தாலும் சொற்கள் தெளிவாக விளங்குவதில்லை. இக்கேள்திறன் இழப்பு, சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களுள் ஒன்றாகும். செவியடைப்பான் அணிவதும் எந்திரங்களைப் பராமரிப்பதும் இதைத் தடுக்க உதவும்.